முதல் அச்சின் கண்கள்

என் அம்மாவின் அக்கா முப்பத்தொரு வருடம் கோகோ டப்பாவுக்கு மூடி போட்டார். டீ, கோகோ, பிஸ்கட் எல்லாவற்றையும் சொந்தக் கிளைக் கடைகளில் விற்ற ஒரு மளிகைக் கம்பெனி அது. பேக்கிங் ஹாலில் ஒரு நீள மேசை. ஒருத்தி தூளை நிறுத்துக் கொட்டுவாள், அடுத்தவள் மெழுகுத்தாளை மடிப்பாள், பெரியம்மா மூடியை வைத்துக் கைப்பிடியை இழுத்து அழுத்துவார். பிறகு பன்னிரண்டு டப்பாக்களை ஒரு பெட்டியில் அடுக்குவார். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் டப்பாவில் இருக்கும் முகம்தான் முதலில் தெரிய வேண்டும். அது கம்பெனி விதி.

அந்த முகம் பெரியம்மாவின் தங்கையுடையது.

அவர்களுடைய அப்பா அதே கம்பெனியில் வண்டி ஓட்டினார். விளம்பரத்துக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று கேட்டபோது, ஆறு வயதுப் பொடிசைக் கூட்டிப் போனார். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். துணைக்குப் பதினோரு வயதுப் பெரியம்மாவும் போனார். பொடிசின் கையில் ஒரு காலிக் கோப்பையைக் கொடுத்து, குடிப்பதுபோல் இருக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சமர்த்தாக இருந்தால் கடைசியில் நிஜக் கோகோ தருவதாகவும் சொன்னார்கள். ஒரு கோப்பை வந்தது. அதற்குள் பொடிசு நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். ஆறிப்போகுமே என்று பெரியம்மா குடித்துவிட்டார். திரும்பி வரும் வழியில் அவள் கேட்டபோது, “வரவே இல்லடி, ஏமாத்திட்டாங்க” என்றார்.

அந்த மாதமே பொடிசு காய்ச்சலில் போய்விட்டாள். என் அம்மா அதற்கப்புறம் பிறந்தவர்.

கம்பெனி அந்தப் படத்தை ஆறு வருடம் எங்கோ போட்டு வைத்திருந்தது. பெரியம்மா வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, புது டப்பாக்கள் வந்து இறங்கின. முன்கூட்டியே அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வைக்கோலை விலக்கினால் பொடிசு. கோப்பைக்கு மேலே இரண்டு கண்கள், நேராக அவரையே பார்த்தபடி. ஒரு நாளைக்கு எண்ணூறு டப்பா.

வீட்டுக்குள் அந்த டப்பா வரவே கூடாது என்று பெரியம்மாவின் அப்பா சொல்லிவிட்டார். பொடிசுக்கு வேறு படமும் கிடையாது.

ஐந்தாம் மாதம் கிளைக் கடைகளிலிருந்து புகார் வந்தது. பெட்டி பெட்டியாக எல்லா முகமும் உள்பக்கம் திரும்பியிருந்ததாம். மேனேஜர் பெரியம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“அது என் தங்கச்சி சார். செத்துப் போயிட்டா. என்னையே பாத்துட்டு இருக்கா.”

மேனேஜர் டீ பக்கம் மாற்றிவிடுவதாகச் சொன்னார். பெரியம்மா வேண்டாம் என்றார். தான் எங்கே போனாலும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள், கண்ணை மட்டும் தாழ்த்தச் சொல்லுங்கள் என்றார். நல்ல மனுஷர், அச்சடிக்கும் இடத்துக்கு எழுதிப் போட்டார். அடுத்த தடவை வந்த டப்பாக்களில் பொடிசு இமையைத் தாழ்த்திக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடும் வரை அப்படியே இருந்தாள்.

இவ்வளவையும் பெரியம்மா என்னிடம் சொன்னது போன வருடம்தான்.

“பாக்காதடின்னேன். அதுக்கப்புறம் பாக்கவே இல்ல.”

கனவில்கூடத் தலையைக் குனிந்துகொண்டே வருகிறாளாம். அந்தக் கண்களை மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும், கோகோவைக் குடித்தது தான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். எழுபது வயதுக்கு மேல் அவருக்கு இருந்த ஒரே ஆசை இதுதான்.

பழைய டப்பாக்களைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு கையேடும் இருக்கிறது. பெரியம்மாவுக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். முதல் அச்சு மிக அரிது, இரண்டாம் அச்சில் கண்கள் மாற்றப்பட்டன, காரணம் தெரியவில்லை என்று அதில் இருந்தது.

“தெரியலையாமா?” என்றார் பெரியம்மா. சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை.

முதல் அச்சு வைத்திருப்பவர்களை விசாரித்து ஒரு பட்டியல் போட்டேன். அதில் முதலில் இருந்தவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர். எழுதிக் கேட்டேன், வரச் சொன்னார். கதவைத் திறந்த அவர் மனைவி, “டப்பா பாக்கவா? போங்க போங்க. சமையல்கட்டுல சர்க்கரை கொட்டி வைக்க ஒரு டப்பா கிடையாது, மாடியில முந்நூறு காலி டப்பா” என்று வழிவிட்டார்.

மாடி அறையில் டாக்டர் அதை மெல்லிய துணியிலிருந்து பிரித்தார். முதலில் நான்தான் பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன. ஆனால் நேராகப் பார்க்கவில்லை. கொஞ்சம் இடப்பக்கமாக, கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்தன. கன்னம் உப்பியிருந்தது. சிரிப்பை அடக்கமாட்டாமல் அடக்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெண். படம் எடுத்தபோது அந்தப் பக்கம் நின்றது பெரியம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

பெரியம்மா கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்லப் போவதுபோல் வாயைத் திறந்தார். பிறகு டப்பாவை மேசையில் வைத்துவிட்டார்.

“இது அவ இல்ல.”

டாக்டர் டப்பாவைக் கவிழ்த்து அடியில் இருந்த முத்திரையைக் காட்டினார். முதல் அச்சில் வேறு மாதிரி உண்டா என்று நான் கேட்டேன். ஒரே மாதிரிதான், வேறு கிடையவே கிடையாது என்றார்.

“இந்தப் பிள்ளை சிரிக்குது சார்,” என்றார் பெரியம்மா.

அவர் முகத்தைப் பார்த்து டாக்டருக்கு என்ன தோன்றியதோ, சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பெரியம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “வேணாம் சார். யார் வீட்டுப் பிள்ளையோ. பத்திரமா வச்சுக்குங்க.”

படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். “அவளுக்கு உங்க மேல கோபமே இல்ல பெரியம்மா” என்றேன்.

அவர் நின்றார். “நீ அவளைப் பாத்திருக்கியா?”

பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்து, பட்டியலில் அடுத்து யார் என்று கேட்டார். துறைமுகத்துப் பக்கம் ஒருவர் இருந்தார். அவரிடம் இருப்பதும் இதே டப்பாதான் என்றேன். எழுதிப் பார் என்றார்.

மறுநாள் எழுதினேன். முதல் அச்சு, கண்கள் திறந்திருப்பது என்று எழுதி, எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பெரியம்மா தாளைக் குனிந்து பார்த்தார்.

“கோபமா பாக்கிறதுன்னு போடு.”

போட்டேன்.