போடி ஏலக்காய்க் கடையில் என் புரோகிராம் பேசிய பேச்சு

போடிக்கு எப்படிப் போவது என்று கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருக்கும் இன்னொருவர், தொழிலுக்குப் பயன்படும்படி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். மூவருக்கும் சேர்த்து ஒரே பயணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் பிற்பாதி, ஒரு தை மாதம். போடியில் ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். தோட்டக்காரர்கள் கொண்டுவரும் மூட்டைகளின் எடையைப் பதிந்து சீட்டு அச்சடிக்க ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அதை அங்கே ஏற்றி, ஓட்டிக் காட்டிவிட்டு வர வேண்டும்.

மதுரையில் காலை ஆறு மணிக்கு பஸ். தேனி வரை எழுபத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து போடி பதினைந்து. அப்போது புரோகிராம் ஃப்ளாப்பி என்ற மெல்லிய தட்டில்தான் ஊருக்கு ஊர் போகும். வளைந்தால் வேலை முடிந்தது. ஒன்றைப் பையில் சட்டைகளுக்கு நடுவிலும், மற்றொன்றை இரண்டு அட்டைகளுக்கு இடையே மடியிலும் வைத்திருந்தேன். எதையும் இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், இது இன்றைக்கும் பொருந்தும். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் குலுங்கியபோது அட்டையை இரு கையாலும் தூக்கிப் பிடித்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"என்ன சார், அப்பளமா? ஒடையாமக் கொண்டுபோறீக."

"அப்பளம் சுடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இது அப்படி இல்லை" என்றேன். அன்று எனக்கு அவ்வளவு தலைக்கனம்.

தேனியில் இட்லி சாப்பிட்டு, பஸ் மாறி, ஒன்பதரைக்குப் போடியில் இறங்கினேன். கடை பஜாருக்குள் இருந்தது. தெரு முனையிலேயே ஏலக்காய் மணம் வந்துவிட்டது. மலையிலிருந்து வந்த தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணைக் காட்டினார்.

"இது எஸ்தரு. டைப்பிங்ல ஹையர் பாஸ். இந்த மிஷின ஓட்டிட்டான்னா இவளையே வச்சுக்கிருவேன். இல்லைன்னா மதுரையில இருந்துதான் ஆளைக் கொண்டாரணும். ரெண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க எனக்குக் கட்டாது."

எஸ்தருக்கு இருபது வயது இருக்கும். தேனியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கைகளைத் துடைத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. நாலாவது சீட்டில் கரண்ட் போய் வந்தது. ஒவ்வொரு பதிவையும் உடனுக்குடன் சேமிக்கும்படி எழுதியிருந்ததால் எதுவும் தொலையவில்லை. அண்ணாச்சி "பரவாயில்லையே" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்தாவது மூட்டை பதினொரு கிலோ. எஸ்தர் அடித்தார். கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தியது. திரையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் வந்தது: முட்டாளே, எண்ணை அடி.

அது நான் எழுதிய வரி.

"பதினொண்ணுதான் சார் அடிச்சேன்" என்று எஸ்தர் மறுபடி அடித்தார். மறுபடியும் முட்டாள். அப்புறம்தான் விரலைக் கவனித்தேன். பழைய டைப்ரைட்டர்கள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிச் சாவி கிடையாது. சின்ன 'எல்' எழுத்தைத்தான் அடிப்பார்கள். இன்ஸ்டிட்யூட்டில் பழக்கிய விரல் அங்கேதான் போகும். கம்ப்யூட்டருக்கோ அது எண் அல்ல, எழுத்து. அதற்கு முந்தைய எடைகளில் ஒன்று என்ற எண் வரவில்லை, அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சிக்கு அந்த ஒரு வார்த்தை படிக்கத் தெரிந்திருந்தது.

"ஃபூல்னு போடுது. எந்திரிம்மா எஸ்தரு. மிஷினுக்கே தெரிஞ்சுபோச்சு."

எஸ்தர் எழுந்து சுவரோரம் நின்றார். முகம் சிவந்துவிட்டது. நான் அவசரமாக, "அண்ணாச்சி, அது மிஷின் சொன்னதில்லை. நான் எழுதி வைத்தது" என்றேன். அவர் சிரித்தார்.

"பொம்பளப் புள்ளைன்னு பாவம் பாக்குறீக. படிச்சவுக, நீங்க போயி இப்பிடி எழுதுவீகளா?"

நான் சொன்ன உண்மையை அவர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் என் மேல் வைத்திருந்த மரியாதை. அதைவிட வெட்கக்கேடு எனக்கு அதுவரை நேர்ந்ததில்லை. வேறு வழி தெரியாமல், "அண்ணாச்சி, நீங்க உட்காருங்க, எடை கேட்கிற இடத்தில் உங்க பேரை அடிங்க" என்றேன். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். கீச். முட்டாளே, எண்ணை அடி.

ஒரு தோட்டக்காரர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் கூசிப்போனேன்.

"நெசமாவே நீங்க எழுதுனதுதானா?"

"ஆமாம்."

எழுந்து நாற்காலியை எஸ்தர் பக்கம் தள்ளினார். "உக்காரும்மா. உம்மேல தப்பில்ல." அதற்கப்புறம் அன்று முழுக்க அவர் என்னைப் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் வரியை மாற்றினேன். 'எல்' அடித்தால் ஒன்று என்றும், 'ஓ' அடித்தால் பூஜ்யம் என்றும் எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். மாலைக்குள் எஸ்தர் அறுபது சீட்டு ஓட்டிவிட்டார். நான் கிளம்பும்போது கேட்டார்.

"சார், அதை எழுதையில யாரை நெனச்சு எழுதுனீக?"

"யாரையும் நினைக்கலைம்மா" என்றேன்.

போடிக்குப் போகிறவர்களுக்கு: இப்போது மதுரையிலிருந்து ரயிலும் இருக்கிறது. அவசரமில்லை என்றால் அதில் போங்கள். மாலையில் திரும்புவதாக இருந்தால் தேனியில் பஸ் மாறுவதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு: தப்பாக அடிப்பவர்களின் விரல் எங்கே பழகியது என்று முதலில் பாருங்கள். திரையில் வரும் ஒவ்வொரு வரியையும், புரோகிராமை ஓட்டப்போகிறவரின் முகத்துக்கு நேரே உரக்கப் படித்துக் காட்ட முடியுமா என்று யோசியுங்கள்.

எஸ்தரிடம் நான் சொன்னது பொய். மதுரை ஆபீசில் அந்த வரியைத் தட்டியபோது பக்கத்திலிருந்த நண்பன், இதை யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டான். "போடியில் ஏதோ ஒரு டைப் அடிக்கிற பெண்" என்றேன். இருவரும் சிரித்தோம்.