புறங்கைச் சூடு

கணவரின் செல்போன் முதுகில் புறங்கையை வைத்து, மனசுக்குள் மூன்று எண்ணி எடுக்கிறார் நர்ஸம்மா. "லேசாதான் சுடுது. இருக்கட்டும்." அடுத்தது மகளின் லேப்டாப். சார்ஜரோடு மெத்தைமேல் கிடக்கிறது. வந்ததே கோபம்! "அதுக்கு மூச்சு விட எடம் வேணாமாடி?" என்று தூக்கி மேஜையில் கிடத்துகிறார்.

பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்ற கால், வீட்டுக்கு வந்தும் ரவுண்ட்ஸ் போகும். தெருவில் இவருக்கு 'பேட்டரி டாக்டர்' என்று பெயர். நர்ஸுக்கு அது ஒரு படி மேல்தானே, அவரும் மறுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி முதுகு புடைத்த போனோடு வந்தாள். "உப்பினா அவ்வளவுதான். சார்ஜ் போடாத, குத்தாத, குப்பையில வீசாத. பழைய பேட்டரி வாங்குற கடையில குடுத்துடு" என்று அனுப்பிவைத்தார்.

வீட்டிலும் வார்டுச் சட்டம்தான். துணைக்கு ஆளில்லாமல் எதுவும் சார்ஜில் இருக்கக் கூடாது. ஊர் பேர் தெரியாத சார்ஜரும், வேறொன்றின் சார்ஜரும் ஆகாது. "அடுத்தவங்க மாத்திரைய நீ முழுங்குவியா?" பதினோரு வருஷம் தீக்காய வார்டில் இருந்தவர். அதைப் பற்றி மட்டும் வீட்டில் பேசமாட்டார். ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார்: நோயாளிக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றால், சொந்தக்காரருக்கு முதலில் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுப்பாராம். வாயைத் திறக்கும் முன்பே அவர்களுக்குப் புரிந்துவிடுமாம்.

கணவர் மின்சார ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். அதன் பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கி வருவார். வாசற்கதவு ஓரம் வைக்க விடமாட்டார் நர்ஸம்மா. "நாம ஓடவேண்டிய வழியில அது படுத்திருந்தா எப்படி ஓடுறது?" பால்கனிச் சிமெண்டுத் தரைதான் அதற்குப் படுக்கை.

போன வாரம் அது படியில் உருண்டதைக் கணவர் சொல்லவில்லை. பேட்டரி இல்லையென்றால் வேலைக்குப் போக முடியாது. நாலு நாள் போகாவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். மனிதர் பயந்துபோய், விரிசல்மேல் டேப் ஒட்டிவிட்டார்.

இன்று சாயங்காலம் புறங்கை அதன்மேல் போனது. மூன்று எண்ணவில்லை. வெடுக்கென்று கையை எடுத்து, ப்ளக்கைப் பிடுங்கி, பக்கத்திலிருந்த துணிக்கூடையை உள்ளே இழுத்துப்போட்டார். டேப் ஒட்டிய இடம் உப்பியிருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் ஓடும்ல? பாத்து ஓட்டுறேன்" என்றார் கணவர். குரல் கெஞ்சியது.

நர்ஸம்மா பால்கனிக் கதவைச் சாத்தினார். கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.