பீப்பாய்க்குள் தட்டிய மீன்

“ஆவுடையப்பன், மீன் காவலர். அஞ்சா நெஞ்சர். நீச்சலில் வல்லவர்.”

ராஜபாளையத்தில் சீமை மீன் வளர்க்கவென்று வெட்டிய புதுக்குளத்துக்கு ஆள் எடுத்தபோது, சர்க்கார் தாளில் இப்படித்தான் எழுதினார்கள். உண்மையில் அவருக்கு முழங்காலளவு தண்ணீரிலேயே மூச்சு முட்டும். சிறுவயதில் மற்றவர்கள் கண்மாயில் குதித்து ஆட, இவர் கரையில் ஒட்டிக்கொண்டு விரால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அந்தப் பயத்தில் கிடைத்ததுதான்.

மொரீசுத் தீவிலிருந்து வந்த கௌராமி மீன்கள் சாத்தூர் ரயிலடியில் இரண்டு பீப்பாய்களில் இறங்கின. போன தடவை வந்த மீன்களில் சிலவற்றை வழியில் யாரோ குழம்பு வைத்துவிட்டார்கள். அதனால் இம்முறை மீன் இலாகாவின் வெள்ளைக்காரத் துரை தாமே பக்கத்தில் நின்றார். தண்ணீர் அலம்பி மீன் அடிபடக்கூடாதென்று விளிம்புவரை நிரப்பி, மூடி போட்டு, அரக்கு முத்திரையும் வைத்தார். “முத்திரை உடைந்தால் ஜெயில்” என்று, வண்டியில் மீனோடு வரவேண்டிய ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டுக் குதிரையில் முன்னே போய்விட்டார்.

மாட்டுவண்டி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதும் பீப்பாய்க்குள்ளிருந்து சத்தம் வந்தது. டொக். டொக்.

வண்டிக்காரன் மலைச்சாமி மாட்டை நிறுத்தினான். “அண்ணாச்சி, உள்ள முனி இருக்கு. நான் எறங்கிப் போறேன்.”

“ஏலே, பட்டப்பகல்ல முனி எங்கருந்துலே வரும்? மீனுலே.”

ஆவுடையப்பன் பீப்பாயில் காதை வைத்தார். முனியாக இருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. கண்மாய் விரால் அடிக்கடி மேலே வந்து, வாய் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போவது கண்முன் வந்து நின்றது. இதுவும் அப்படிப்பட்ட மீன்தான் போலிருக்கிறது. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் இடமில்லை. தண்ணீரில் மீன் மூச்சுமுட்டிச் சாகிறது என்றால் எந்தத் துரை நம்புவார்?

தட்டும் சத்தம் குறைந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. மீன் செத்தால் பழி, முத்திரையை உடைத்தால் ஜெயில்.

“கள்ளன் உடைச்சான்னு சொல்லிருவோம்” என்றான் மலைச்சாமி. “இந்தப் பாதையில கள்ளனுக்கா பஞ்சம்?”

“எந்தக் கள்ளன்லே தண்ணிய மட்டும் களவாண்டுட்டுப் போவான்?”

ஆவுடையப்பன் கல்லால் இரண்டு முத்திரைகளையும் உடைத்தார். பீப்பாய்க்கு ஒரு சாண் தண்ணீரை இறைத்துக் கொட்டினார். மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்தன. அவை வெளியே துள்ளிவிடாதபடி தலைப்பாகையைக் கிழித்துப் பீப்பாய்களின் வாயில் கட்டினார். ராஜபாளையத்தில் துரை முத்திரை எங்கே என்று கேட்டபோது, தாம்தான் உடைத்ததாகச் சொன்னார்.