ஊர்வலம் வரும் தெருவில் ஒரு நிறைகுடம்

ஜெர்மனிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் நான் ஸ்காபரோவில் கெனடி ரோட்டில் இருக்கும் பூசைச் சாமான் கடைக்குப் போனேன். அக்கா கேட்டிருந்த இரண்டு குட்டிக் குத்துவிளக்குகளையும், பிளாஸ்டிக்கில் செய்த மாவிலைத் தோரணம் ஒன்றையும் வாங்கினேன். தோரணம் எதற்கு என்று அவள் சொல்லவில்லை. "வாங்கிக்கொண்டு வா, வந்தாப் பிறகு சொல்லுறன்" என்றாள். நானும் விட்டுவிட்டேன். ஒரு விஷயத்தை இரண்டாம் முறை கேட்பது எனக்குக் கூச்சம்.

நான் பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். பெல்ட்டில் வரும் பாணைப் பையில் போட்டுக் கட்டுவது என் வேலை. மெஷின் இரைச்சலில் அங்கே ஒருவரும் ஒருவரோடும் பேச முடியாது. அது எனக்குப் பெரிய வசதி. டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில், லிப்டுக்குள் ஆட்கள் நின்றால் அடுத்த லிப்ட் வரட்டும் என்று ஒதுங்கி நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்ட நான் தனியாகப் பிளேன் ஏறினேன். மேலே போனதும் யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி இருந்தேன்.

காரணம் என் பெறாமகள். அக்காவின் ஒரே மகள். அவள் கிளாரினெட் வாசிப்பாள். சின்னப் பிள்ளைகளின் பாண்ட் வாத்தியக் குழுவில் கன காலம் இருந்தவளை அந்த வருஷம்தான் ஊரின் பெரிய பாண்டில் சேர்த்திருந்தார்கள். ஓகஸ்டில் அந்த ஊரில் பெரிய திருவிழா நடக்கும். தொடக்க நாளில் ஊர்வலம் போகும். அதில் அவள் முதல்முதலாக வாசித்துக்கொண்டு நடக்கப் போகிறாள். "சித்தி, நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்று போனில் சொன்னாள். அன்றைக்கே லீவு கேட்டேன்.

விமான நிலையத்துக்கு அத்தான் வந்திருந்தார். பவேரியாவில் டான்யூப் நதிக்கரையில் இருக்கிறது அவர்களுடைய ஊர். கோதுமை வெட்டிய வயல்கள் முடிகிற இடத்தில் கோபுரங்கள் தெரியத் தொடங்கின. ஊருக்கு நடுவே பெரிய சந்தைத் தெரு. அதன் நடுவில் ஒரு காவல் கோபுரம், உச்சியில் ஐந்து கூர்க் கூரைகள். அத்தான் கார்ச் சாமான் செய்யும் கொம்பனியில் வேலை செய்கிறவர். ஆனால் அந்த ஊரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் தானே கட்டிய வீடு மாதிரிக் கதைப்பார்.

"மச்சாள், இது லேசுப்பட்ட ஊர் இல்லை. ரோமன்காரன் கோட்டை கட்டி இருந்த இடம்."

"வந்தவள் தேத்தண்ணி குடிக்கட்டும்," என்றாள் அக்கா. "ரோமன்காரன் எங்கையும் ஓடமாட்டான்."

மறுநாள் அத்தான் என்னை ஊர் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் மியூசியம். மண்ணைத் தோண்டிய இடத்தில் கிடைத்த ரோமன் காலத்து முகமூடிகள் அங்கே இருந்தன. குதிரை வீரர்கள் விழாக்களில் போட்டுக்கொண்டு ஓடுவார்களாம். குதிரைகளுக்கும் முகக் கவசம் இருந்தது, கண்ணுக்குச் சல்லடை போட்டு. நான் அதற்கு முன்னால் வெகு நேரம் நின்றேன். குதிரையையும் சோடித்துத் திருவிழாவுக்கு அனுப்புகிற ஊர் எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

பிறகு கோயில்கள். அத்தான் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வார். வாசலில் நான் செருப்பைக் கழற்றப் போக, "ஐயோ மச்சாள், போட்டுக்கொண்டு வாங்கோ, குளிர் பிடிக்கும்" என்றார். சந்தைத் தெருவுக்குப் பக்கத்தில் இருந்தது செங்கல்லில் கட்டிய பெரிய தேவாலயம். கூரையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. அடுத்தது கன்னியாஸ்திரிகளின் சின்னத் தேவாலயம். உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு தங்கம், அவ்வளவு சுருள், மேகத்துக்குள் இருந்து எட்டிப் பார்க்கும் குழந்தைச் சிலைகள். ஸ்காபரோவில் கல்யாண மண்டபங்களுக்குச் சோடனை செய்கிறவர்கள் இதைப் பார்த்தால் தொழிலை விட்டுவிடுவார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை என்றார் அத்தான். இரண்டு பேரும் சண்டை பிடித்திருக்க மாட்டார்களா என்று யோசித்தேன்.

மூன்றாவது தேவாலயம் ஆற்றங்கரைப் பக்கம், பழைய கல்லறைகளுக்கு நடுவில். அங்கே ஒரு சிற்றாலயத்தில் சிவப்புக் கல்லில் ஒரு பெண்ணின் உருவம் இருந்தது. நாவிதர் ஒருவரின் மகள். பிரபுவின் மகன் அவளை விரும்பிக் கல்யாணம் செய்தான். பிரபுவுக்குப் பொறுக்கவில்லை. அவளைப் பிடித்து டான்யூப் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றான். பிறகு அவனே அவளுக்காக அந்தச் சிற்றாலயத்தைக் கட்டிக் கொடுத்தான்.

"சாதி பார்த்துக் கொலை செய்துபோட்டுக் கோயில் கட்டியிருக்கிறான்," என்றார் அத்தான்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் முகம் அமைதியாக இருந்தது. வெளியே வந்து ஆற்றைப் பார்த்தேன். வெயிலில் பச்சையாக, ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் திருவிழாத் திடலில் இராட்டினத்தைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள் திரும்பவும் துள்ளல் தொடங்கிவிட்டது.

அன்று பின்னேரம்தான் தோரணத்தின் கதை தெரிந்தது. ஊர்வலம் அக்கா வீட்டு வாசலால் போகும். வாசலில் மேசை போட்டு நிறைகுடம் வைக்கப் போகிறாள்.

"உங்க ஸ்காபரோவில தேர் வரேக்கை கடைக்காரர் எல்லாம் வாசலில கும்பம் வைக்கினம்தானே. என்ர பிள்ளை என்ர வாசலால வாறாள். நான் கதவைச் சாத்திப்போட்டு இருக்கிறதே?"

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நைன், வேண்டாம் அம்மா. இது தேர் இல்லை. பியர் குடிக்கிற திருவிழா."

"வாறது நீ. எனக்கு அது காணும்."

பெறாமகள் என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "சித்தி, மேசை வைச்சால் வைக்கட்டும். ஆனால் அம்மா அதோட நிக்கமாட்டா. குங்குமத்தை எடுத்துக்கொண்டு நடு ரோட்டில வந்து எனக்குப் பொட்டு வைப்பா. எங்கட பாண்ட் மாஸ்டர் சரியான கடுமை. வரிசை குழம்பினால் ஆளைத் திரும்பச் சின்னப் பிள்ளைகளோட விட்டுடுவார். போன வருஷம் ஒருத்தனை விட்டவர். எனக்குப் பதினெட்டு வயசு சித்தி, அதுகள் எல்லாம் என்ர இடுப்புக்கு நிக்குங்கள்."

"அம்மா ரோட்டில இறங்காமல் நான் பார்க்கிறன்," என்றேன்.

"சத்தியமாய்?"

"ஓம்."

சொல்லிவிட்டேன். ஆனால் அக்காவை யாராவது தடுத்து நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஊர்வலத்தன்று தெருவின் இரு பக்கமும் சனம் நிறைந்துவிட்டது. தெருவோர நடைபாதையில் மேசை, மேலே வெள்ளைத் துணி. செம்புக் குடம், தேங்காய், என் பெட்டியில் வந்த இரண்டு விளக்குகள், சந்தனம், குங்குமம், பெரிய சீப்பு வாழைப்பழம். மேசையைச் சுற்றி நான் கொண்டுவந்த தோரணம். நிறைகுடத்துக்கு முன்னால் நிற்பதால் நானும் அக்காவும் செருப்பைக் கழற்றி விட்டிருந்தோம். பக்கத்து வீட்டு வயதான ஜெர்மன்காரி மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். ஏதோ கேட்டார். அத்தான் நீளமாக விளக்கினார். அவர் தலையாட்டிவிட்டு, தன் வாசலில் இருந்த பூச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் அக்காவின் சேலைத் தலைப்பை என் விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி செய்யிறாய்?"

"சும்மா. சனம் கூட, தொலைஞ்சுபோவன் எண்டு பயம்."

"என்ர வாசலில நிண்டுகொண்டு தொலைஞ்சுபோவியோ?"

முதலில் மேளச் சத்தம் கேட்டது. என் நெஞ்சும் சேர்ந்து அடித்தது. கொடிகள் வந்தன. தோல் காற்சட்டை போட்ட ஆண்கள், பழைய காலத்துப் பாவாடையும் வெள்ளிச் சங்கிலியும் போட்ட பெண்கள், தொப்பியில் இறகு குத்திய வேட்டைக்காரர்கள் எல்லோரும் கையாட்டிக்கொண்டு போனார்கள். நானும் கையாட்டினேன். என் கை தானாகவே போயிற்று. அதற்குப் பின்னால் பியர்ப் பீப்பாக்கள் ஏற்றிய வண்டி. அதை இழுத்து வந்த குதிரைகளின் ஒவ்வொரு குளம்பும் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. பிடரியில் பூ, கழுத்தில் மணி. வண்டிக்குப் பின்னால் பாண்ட். எங்கள் பிள்ளை இரண்டாவது வரிசையில், தொப்பி போட்டு, நேரே பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

அக்கா குங்குமத்தைத் தொட்டுவிட்டாள். நான் தலைப்பை இறுக்கினேன்.

அந்த நேரம் முன் குதிரை எங்கள் பக்கம் தலையைத் திருப்பியது. நீளக் கழுத்தை நீட்டி, மேசையில் இருந்த வாழைப்பழச் சீப்பில் பாதியைக் கவ்வியது. பிறகு நின்றுவிட்டது. மற்றக் குதிரைகளும் நின்றன. வண்டி நின்றது. வண்டிக்காரர் ஏதோ கத்தினார், கயிற்றை இழுத்தார். குதிரை தோலோடு மென்றுகொண்டிருந்தது. பின்னால் பாண்ட் வாசித்தபடியே வண்டியில் மோதாமல் நின்றது. மாஸ்டரின் கோல் மேலே போய் அப்படியே நின்றதைப் பார்த்தேன். சரி, பிள்ளை சின்னப் பிள்ளைகளோடுதான் என்று நினைத்தேன்.

வாயிலிருந்த பழம் முடிந்ததும் குதிரை தோரணத்தைக் கடித்தது.

பிளாஸ்டிக். நான் வாங்கின பிளாஸ்டிக். தொண்டையில் சிக்கினால் அந்தச் சீவன் செத்துப்போகும். தலைப்பை எப்போது விட்டேன் என்று தெரியாது. வெறுங்காலோடு ரோட்டில் இறங்கி, குதிரையின் வாயிலிருந்து தோரணத்தைப் பிடித்து இழுத்தேன். அது விடவில்லை. "விடடா, உது இலை இல்லை" என்று குதிரையிடம் தமிழில் சொன்னேன். மேசையில் மிச்சமிருந்த பழத்தை எடுத்து அதன் மூக்குக்கு முன்னால் காட்டினேன். தோரணத்தை விட்டுவிட்டுப் பழத்துக்கு வந்தது. நான் ஒரு அடி பின்னால் வைத்தேன், குதிரை ஒரு அடி முன்னால் வைத்தது. வண்டிக்காரர் சிரித்துக்கொண்டு, போ போ என்று கையைக் காட்டினார்.

போனேன். ஒரு கையில் எச்சில் வழியும் தோரணம், மற்றக் கையில் வாழைப்பழம், பின்னால் அவ்வளவு பெரிய குதிரைகள், வண்டி, பாண்ட். சனம் கை தட்டியது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு ஒளிந்துகொள்ள வேண்டும் போல் இருக்கவில்லை. வெயிலில் சுட்ட கல் காலில் பட, எனக்குப் பறக்கலாம் போல் இருந்தது. தெரு வளைகிற இடத்தில் கடைசிப் பழத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். பாண்ட் என்னைத் தாண்டிப் போனது. வரிசை கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. பெறாமகள் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. கண் மட்டும் என் பக்கம் வந்து போனது. கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை.

பிறகு திருவிழாக் கூடாரத்தில் நீள மர வாங்குகளில் உட்கார்ந்திருந்தோம். சுட்ட கோழி மணம், இரைச்சல், வாங்குகளில் ஏறி நின்று பாடும் சனம். மாஸ்டர் பிள்ளையை என்ன சொல்வாரோ என்று எனக்குக் கோழி இறங்கவில்லை. அக்கா குற்றவாளி மாதிரி இருந்தாள்.

"நான் இறங்கேல்லை," என்றாள். "பாண்ட் வாசலில நிண்டு வாசிச்சது. கையில குங்குமம் இருந்தது. அவள் பார்த்த பார்வையில நான் அப்பிடியே நிண்டுட்டன்."

அப்போது பெறாமகள் வந்தாள். பின்னால் பாண்ட் மாஸ்டர், பெரிய மீசை. அவர் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். அத்தானுக்கே பாதிதான் விளங்கியது. பிறகு முறுக்கு மாதிரிச் சுற்றிச் சுட்ட ஒரு பெரிய பாணை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். இவ்வளவு பெரிய பாணை எந்தப் பையில் போடுவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"என்னவாம்?" என்று அக்கா கேட்டாள்.

"திடீரெண்டு நிண்டும் ஒருத்தரும் வரிசை குழம்பேல்லையாம். நிண்ட இடத்தில நிண்டு பாட்டை முடிச்சது நல்லமாம்." பெறாமகள் தொப்பியைக் கழற்றி, அக்காவுக்கு முன்னால் குனிந்தாள். "இப்ப வையுங்கோ."

அக்கா கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. கிளாரினெட் வாசிக்கும் இன்னொரு பெட்டை எட்டிப் பார்த்துத் தன் நெற்றியையும் காட்டினாள். அதற்குப் பின்னால் இன்னொருத்தி.

"அடுத்த வருஷமும் மேசை வையுங்கோ," என்றாள் பெறாமகள். "ஆனால் வாழைப்பழம் கூடாது."

"வாழைப்பழம் இல்லாமல் என்னண்டு நிறைகுடம் வைக்கிறது?"

"அம்மா, குதிரை திரும்பவும் நிக்கும்."

"நிக்கட்டுமே. நிண்டதாலதானே நல்லாய் வாசிச்சனீங்கள்."

தொடங்கிவிட்டார்கள், பாதி தமிழ், பாதி ஜெர்மன். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கூடாரத்தில் அப்போது எக்காளங்கள் முழங்கின. நான் எழுந்து வாங்கில் ஏறி நின்று கத்தினேன்.

"குதிரை போன பிறகு பழத்தை வைப்பம்."

பக்கத்து மேசைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் கிளாசைத் தூக்கினார்கள்.