ஒற்றை ஆளுக்கு அறை

செல்போனிலேயே லாட்ஜ் அறை பிடிக்கும் பழக்கம் திருப்பதியில் பரவத் தொடங்கியிருந்த சமயம். புரட்டாசிக் கூட்டம் வருவதற்குள் முடிக்க வேண்டிய ஒரு வேலைக்காக, திருச்சானூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் படிப்பைப் பாதியில் விட்டவன். சித்தூரில் மாங்கூழ் ஆலையில் கூடை தூக்கினேன். பெங்களூரில் கேபிள் இழுத்தேன். சென்னையில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தபோது பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் வேலை கற்றேன். எந்த ஊரிலும் அதிக நாள் தங்கியதில்லை. அப்போது லாட்ஜுகளுக்கு வெப்சைட் செய்து தரும் ஒரு சின்ன ஆபீஸில் இருந்தேன்.

எங்களுக்கு எல்லா லாட்ஜுக்கும் அடிப்படை ஒன்றுதான், ஒரே டெம்ப்ளேட். அதில் லாட்ஜின் பெயர், வாடகை, படங்களை மாற்றிக் கொடுப்போம். கவுண்டரில் அறை பதிவதும் அதிலேயேதான். டெம்ப்ளேட்டுக்குப் புதுப் பதிப்பு வந்தால் கறுப்புத் திரையில் ஒரு கமாண்ட் அடிக்க வேண்டும். அது ஒவ்வொரு ஃபைலிலும் நின்று, 'உங்களிடம் இருப்பது வேறு மாதிரி இருக்கிறது, புதியதைப் போட்டுவிடவா?' என்று கேட்கும். ஆமாம் என்றால் ஒரு எழுத்து, வேண்டாம் என்றால் ஒரு எழுத்து. என்ன வித்தியாசம் என்று பார்ப்பதற்கும் ஒன்று உண்டு. 'எல்லாவற்றுக்கும் ஆமாம்' என்று இன்னொன்றும் உண்டு. அதைத் தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். லாட்ஜுக்கென்று கையால் செய்த மாற்றங்களும் அதோடு போய்விடும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் ஒவ்வொரு வித்தியாசத்தையும் படித்த பிறகே பதில் தட்டுவது என்று பிடிவாதமாக இருந்தேன். அன்றும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் ஒரு பெண் உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும், கையில் ஒயர் கூடை. பேச்சு, ஆந்திர எல்லையில் எங்கள் நகரிப் பக்கத்துத் தமிழ்.

"ஒரு ரூம் ஓணும்ணா. ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரில ஐசியூல கீறாரு. என்னை உள்ள உட மாட்டேன்றாங்க."

மேனேஜர் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். "எந்தமந்தி அம்மா? எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான்."

"ஒத்தை ஆளுக்கு ரூம் இல்லம்மா. கம்ப்யூட்டரே எடுக்காது."

தனியாக வருபவருக்கு அறை தருவதில்லை என்பது திருப்பதி லாட்ஜுகளில் அப்போது சாதாரணம். அந்தப் பெண் நகரவில்லை. "எல்லா லாட்ஜ்லயும் இதையே சொல்லி அனுப்பிச்சிட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே படுத்துக்கினு கீறேன். குளிக்கக்கூட எடமில்ல. கொஞ்சம் பாருண்ணா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் திரையில் அந்த நேரம் கேள்வியோடு நின்றிருந்ததே புக்கிங் ஃபைல்தான். வித்தியாசத்தைத் திறந்து வைத்திருந்தேன். லாட்ஜின் பழைய ஃபைலில் ஒரு அறைக்குக் குறைந்தபட்ச ஆட்கள் இரண்டு. புதியதில் ஒன்று.

ஓசையில்லாமல் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ராத்திரியே மேனேஜர் கண்டுபிடித்துத் திரும்ப இரண்டாக்கச் சொல்லியிருப்பார். எழுந்து போய்ச் சொன்னேன். "அண்ணா, கம்ப்யூட்டரா எடுக்க மாட்டேன்னு சொல்லல. நீங்க சொல்லித்தான் அது சொல்லுது. இப்ப எங்கிட்ட கேட்டுக்கினு நிக்குது, ஒண்ணா ரெண்டான்னு. நீங்களே சொல்லுங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்னப்பா? முன்னாடி ஒரு ஆளு தனியா வந்து மேல ரூம்ல தொங்கிட்டான். ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து என் செருப்பு தேஞ்சுது. நீ வந்தியா கூட?"

"இதே தெருவுல எனக்கும் ரூம் இல்லன்னாங்கண்ணா. மாங்கா சீசன் முடிஞ்சி சித்தூர்லேந்து வந்தப்ப. பஸ் ஸ்டாண்டுலதான் படுத்தேன்."

"அதுக்கு என் கம்ப்யூட்டர்ல வந்து பழி வாங்குறியா?"

"நான் சாகறதுக்கா வந்தேன்? தூங்கத்தான வந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "போன வருஷம் இங்க இருந்த பையன் கில்லாடி. தனியா வந்தவங்களுக்கெல்லாம் ரெண்டாவது ஆளுன்னு பெருமாள் பேரையே போட்டு ரூம் குடுத்தான். போலீசு வந்து கேட்டா நான் மலையேறிப் போயா கூட்டியாறது?"

"அதுக்கு வூட்டு ஆளு ஒருத்தர் போன் நம்பர் வாங்கினா ஆச்சில்லண்ணா? இந்தம்மா வூட்டுக்குப் பேசிப் பாருங்க."

அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கொடுத்த பாஸைக் கவுண்டரில் வைத்து, தன் மைத்துனரின் நம்பரைச் சொன்னார். மேனேஜர் பேசினார். நிறையக் கேள்வி கேட்டார். போனை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "சரி, ஒண்ணு போடு. நம்பர் இல்லாம எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

அங்கேதான் இன்னொரு சிக்கல். 'ஆமாம்' என்று தட்டினால் ஒன்று வரும், ஆனால் அந்த ஃபைலில் இருந்த லாட்ஜின் வாடகையெல்லாம் டெம்ப்ளேட்டின் மாதிரி வாடகையாகிவிடும். 'வேண்டாம்' என்றால் இரண்டு அப்படியே இருக்கும். இரண்டுமே சரியான பதில் இல்லை. 'வேண்டாம்' தட்டினேன். மீதி ஃபைல்களையும் அதே போலப் படித்து முடித்துவிட்டு, புக்கிங் ஃபைலை நானே திறந்து இரண்டை ஒன்றாக்கினேன். ஒருவர் மட்டும் என்றால் வீட்டு ஆளின் நம்பர் கட்டாயம் என்று ஒரு கட்டம் சேர்த்தேன். முதல் தடவை பக்கமே திறக்கவில்லை, ஒரு அடைப்புக்குறியை விட்டிருந்தேன். அந்தப் பெண் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் பார்த்துக்கொண்டே இருந்தார். மேனேஜர் அவருக்கு டீ வரவழைத்தார், எனக்கும்.

இரண்டாம் தடவை திறந்தது. பெயர் ஒன்று, ஆள் ஒன்று, வீட்டு ஆளின் போன் நம்பர். அறை பதிவானது. சாவியை வாங்கியவர், "குளிச்சிட்டு ஓடணும், மூணு மணிக்குப் பாக்க உடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினார். யாருக்கும் நன்றி சொல்ல அவருக்கு நேரமில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

அதன் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ கவுண்டர் பார்த்துவிட்டேன். 'கம்ப்யூட்டர் எடுக்கவில்லை' என்று யார் சொன்னாலும், எடுக்க வேண்டாம் என்று அதற்குச் சொல்லிவைத்த ஆள் யார் என்று கேட்காமல் நான் இன்றுவரை நகர்ந்ததில்லை.