விளக்குப் பிடிக்க வந்தவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோட்டாற்றில் ஓர் அரிசி ஆலையில் நான் ஃபிட்டராக இருந்தேன். ஒருநாள் நெல் அவிந்துகொண்டிருக்கும்போதே, பாய்லரிலிருந்து வரும் குழாயின் இணைப்பு விட்டு ஆவி சீறியது.

“நிறுத்தினா நெல்லு பாழாப் போவும். கசிவ அப்படியே அடையும்வே” என்றார் மேனேஜர்.

ஆவி ஓடும்போது போல்ட்டை முறுக்கினால், இணைப்பு பிய்த்துக்கொண்டு முகத்தில் அடித்துவிடும். அதனால் ஃபிட்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: அப்படி முறுக்கச் சொல்பவர்தான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடிக்க வேண்டும். சொன்னவர் எவரும் பிடித்ததில்லை, பயந்து பாய்லரை நிறுத்தச் சொல்லிவிடுவார்.

“அடைக்கேன். நீங்க வெளக்கப் பிடியுங்க” என்று நீட்டினேன்.

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார். நெல் அவிக்கும் பெண்களில் ஒருத்தியான தங்கம் முன்னால் வந்து விளக்கை வாங்கினாள்.

“நான் பிடிக்கேன் அண்ணாச்சி. நெல்லு கெட்டா எங்களத்தானே வேலைய விட்டு நிப்பாட்டுவாவ?”

விளக்கோடு குழாயை ஒட்டி வந்து நின்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் சாமர்த்தியம் இவளையல்லவா குழாயடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது!

“வெளக்கக் கீழ வையிம்மா” என்றேன். மேனேஜர் கத்தக் கத்த, போய் வால்வை மூடினேன். ஆவி அடங்கியபின் கசிவை அடைக்கச் சணலும் ஈயச் செந்தூரமும் வைத்து இணைப்பை இறுக்கினேன். அதற்குள் ஒரு தொட்டி நெல் கெட்டுவிட்டது.

“ஆவிய நிறுத்தினது நான். இவியளுக்கு அதில பங்கில்ல” என்று ஆலை முழுக்கக் கேட்கச் சொன்னேன். அன்றே என் வேலை போனது. மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகப் பிறகு ஆள் அனுப்பினார்கள். கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்க மாட்டேன்.

அதன்பிறகு வேலை பார்த்த எந்த ஆலையிலும் நான் விளக்கை நீட்டியதில்லை. முடியாது என்பதை, முடியாது என்றே சொன்னேன்.