ஏற முடியாத கம்பி

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு கட்டிடத்தின் மாடியில் ஜிம் இருந்தது. காலையில் கொஞ்ச நேரம் பெண்களுக்கு மட்டும் என்று போர்டு மாட்டிய புதிதில் நான் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாளெல்லாம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால், டாக்டர் சொல்லி மயிலாப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் போய் வருவேன்.

உட்கார்ந்து எழும் பஸ்கி எனக்குச் சுலபமாக வந்தது. தண்டாலையும் முட்டியை ஊன்றி ஒப்பேற்றிவிடுவேன். சுவரோரம் உயரத்தில் இருந்த இரும்புக் கம்பிதான் மசியவில்லை. அதில் தொங்கி, மோவாய் மேலே வரும்வரை உடம்பை இழுக்க வேண்டும். என் உடம்பு அசையவே இல்லை. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. அந்தக் கோடையில் லாரித் தண்ணீரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மாடியேறியவள் நான்.

என்னோடு பயிற்சி செய்தவர் சாந்தோமில் குடியிருந்த ஒரு கணக்கு டீச்சர். என்னைவிட மூத்தவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்காலில் அடிபட்டதிலிருந்து அவருக்குப் பஸ்கி என்றாலே நடுக்கம். ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"இன்னாப்பா நீ, எப்ப பாரு பஸ்கியே போட்டுக்கினு இருக்க? வர்றதையே செஞ்சா வராதது எப்ப வரும்?"

"நீங்க மட்டும் என்னவாம்? அந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்லையே."

சிரித்துவிட்டார். அன்று முதல், வந்ததும் அவரவர்க்கு வராததைத்தான் முதலில் செய்வது என்று முடிவாயிற்று. அவர் உயரமான ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்து எழுந்தார். பழகியதும் அதைவிடக் குட்டை ஸ்டூலுக்கு மாறினார். நான் கம்பியோடு போராடுவதைப் பார்த்து, "ஏற முடியலைன்னா இறங்கிப் பாரேன்" என்றார். ஸ்டூல் மேல் ஏறி, மோவாயைக் கம்பிக்கு மேல் வைத்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு மெதுவாக இறங்கினேன். முதலில் பொத்தென்று விழுந்தேன். பிறகு விழுவது தாமதமானது.

வீட்டில் சாதம் பரிமாறும்போது கணவர் என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டார்.

"என்னடி இது, இப்படிக் காய்ச்சுக் கிடக்கு? அங்க என்னதான் பண்ணிண்டிருக்கே?"

"தொங்கிண்டிருக்கேன்."

மழைக்காலம் வந்துவிட்டது. ஒரு காலையில் வழக்கம்போலக் கம்பியைப் பிடித்து இழுத்தேன். முழங்கை மடங்கியது. யாரோ இடுப்பைப் பிடித்துத் தூக்குகிறார்கள் என்று நினைத்துக் கீழே பார்த்தேன். டீச்சர் எட்ட நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என் மோவாய் கம்பியைத் தாண்டியது. எதிரே வென்டிலேட்டர் வழியாக, நனைந்த தூங்குமூஞ்சி மரத்தின் உச்சி தெரிந்தது. இத்தனை காலம் இந்த உடம்பில் குடியிருந்தும் இப்படி ஒருத்தி உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது. இறங்கியபின் அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது.

ஆனால் நான் மலைத்துப்போனது அதற்கடுத்த வாரம்தான். டீச்சர் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். கைகளை முன்னால் நீட்டி, உதட்டைக் கடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். பின்புறம் குதிகாலைத் தொடும்வரை போய்விட்டார். அப்படியே இருந்தார். எனக்குப் பதறியது.

"கை குடுக்கட்டுமா?"

"இருப்பா. இவ்ளோ கீழ வந்து எவ்ளோ வருஷம் ஆச்சு. கொஞ்சம் இருந்துட்டு வரேன்."

பிறகு எதையும் பிடிக்காமல் எழுந்தார். தொடை வெடவெடவென்று ஆடியது. ஆனாலும் நிமிர்ந்துவிட்டார். ஜிம்மில் இருந்த மற்ற பெண்கள்கூடச் செய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து சர்ச்சுல, பூசையில முழங்கால் போட்டேன்பா. அடிபட்டதுலேர்ந்து பெஞ்சு நுனியிலதான் உக்காந்துக்கினு இருந்தேன்."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல. அப்படியே இருந்தேன், அவ்ளோதான்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஸ்டூலை இழுத்துக் கம்பிக்குக் கீழே போட்டு, "சரி, இன்னிக்கு நானும் ஏறிப் பாக்கறேன், நீ பின்னாடி நில்லு" என்றார்.